மணிக்கயிற்றில் எங்கள் கை படக்கூடாதாம்

விரிசல் விட்டிருந்த எங்கள் ஆம்பூர் தேவாலயத்து மணி, மதராசில் மறுபடி வார்க்கப்பட்டு ரயிலில் வந்தது. இன்று காலை அதை மேலே ஏற்றினார்கள்.

செலவுக்குக் கொடுத்தது யார்? தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்யும் எங்கள் தெருப் பெண்கள். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசி எடுத்து வைத்து, விற்றுக் கொடுத்தோம்.

ஆசையாகக் கயிற்றைப் பிடித்தேன். சபை மூப்பர் ஓடி வந்தார்.

"கயித்த வுடும்மா! தோல் நாத்தம் ஒட்டிக்கும். அப்புறம் மத்தவங்க எப்படித் தொடுவாங்க?"

"மணியோட நாக்கே எங்க ஷாப்புத் தோல் வார்லதான் தொங்குது அய்யா. அவுத்துக்கினு போவட்டுமா?"

காதில் விழாதவர்போல அவரே இழுத்து அடித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தேவாலயக் கூரைக்கு ஓடு மாற்றப் பிடியரிசி கேட்டு நாளைக்கு வருகிறாராம். எந்தக் கையால் அள்ளிப் போடட்டும், நீங்களே சொல்லுங்கள்.