துரையின் கார் ஒழுகியபோது

எழுபதுகளில் கந்தப்பளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கிளாக்கராக இருந்தேன். அங்கே தேயிலைத் தொழிற்சாலையின் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிட்டர் ஒருவர் இருந்தார். ஒல்லியான உடம்பு, காதோரம் நரை. தொழிலாளர்களின் வரிசைவீடுகளான லயத்தில்தான் குடியிருந்தார். எந்த எண்ணெயையும் விரலில் தொட்டு முகர்ந்து பார்த்த பிறகுதான் பேசுவார்.

தோட்டத்தை நிர்வகித்த துரையிடம் கியர் தானாகவே மாறும் பழைய இங்கிலாந்துக் கார் ஒன்று இருந்தது. அதன் கியர்பெட்டி ஒழுகத் தொடங்கியது. பெட்டியையே மாற்ற வேண்டும் என்றார்கள் கொழும்பில். இறக்குமதிக்கு வழியில்லாத காலம் அது. பிட்டரிடம் காட்டலாமே என்றேன்.

"லயத்து ஆளுக்கு இதெல்லாம் வெளங்குமா?" என்று துரை சிரித்தார்.

பிட்டர் ஒழுகிய எண்ணெயை முகர்ந்தார். "பெட்டி நல்லாத்தான் இருக்குங்க. பின்பக்கத்து சீல்தான் தேஞ்சிருக்கு" என்றார். எண்ணெய் கசியாமல் அடைக்கும் அந்த ரப்பர் வளையத்துக்குப் பதிலாக, தேயிலை உருட்டும் இயந்திரத்தின் சீல் ஒன்றை அளவாகச் செதுக்கிப் பொருத்தினார். மாலையில் நுவரெலியா வரை ஓட்டிப் பார்த்துவிட்டு, தொழிற்சாலை வாசலில் வெள்ளைத் தாளை விரித்து அதன்மேல் காரை நிறுத்தினார்.

மறுநாள் காலை, வேலைக்கு முன் கூடும் பெரட்டுக்குப் பேர் கொடுக்க வந்த தொழிலாளர்கள் எல்லாம் சுற்றி நின்றார்கள்.

"ஒழுகுதா?" என்றார் துரை.

"நீங்களே குனிஞ்சு பாருங்க, தொரை."

துரை ஈரமண்ணில் முழங்காலிட்டுக் குனிந்தார். தாள் வெள்ளையாகவே இருந்தது.

பிட்டரே தாளை உருவிக் காட்டியிருக்கலாம். ஏன் காட்டவில்லை என்று நான் கேட்டதே இல்லை. துரை குனிந்திருக்க, பிட்டர் நிமிர்ந்து நின்றதை நினைத்தால் இன்றும் எனக்குப் பெருமையாக இருக்கிறது.