கடைசி வீட்டுக்குக் கேட்கும் ஸ்பீக்கர்

இந்த ஊரில் சில படகுகள் எங்கேயும் போவதில்லை. காலையில் கிளம்பும். கயிற்றைப் பிடித்த ஒரு ஆளைப் பின்னால் இழுத்துக்கொண்டு உப்பங்கழியில் சுற்றிச் சுற்றி வரும். பிறகு கிளம்பின இடத்திலேயே வந்து நிற்கும். இழுபடுகிறவன் காலில் ஒரு பலகை. விழுவான், எழுவான், மறுபடி விழுவான். முதல் தடவை பார்த்தபோது யாரையோ தண்டிக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். வேக்போர்டிங் என்று பெயராம், விளையாட்டாம். அதைவிட விநோதம் படகின் தலைக்கு மேலே இருக்கும். வளைந்த குழாய்ச் சட்டம் ஒன்று, டவர் என்பார்கள். கயிற்றையும் அதில்தான் கட்டுவார்கள், ஸ்பீக்கரையும் அதில்தான் மாட்டுவார்கள். ஸ்பீக்கரின் வாய் பின்பக்கம் பார்த்து இருக்கும். படகில் உட்கார்ந்திருக்கிறவனுக்காக அல்ல அந்தப் பாட்டு. கயிற்றின் நுனியில் அல்லாடுகிறவனுக்காக. ராஸ் அல் கைமாவில் ஒரு படகுப் பட்டறையில் அந்த ஸ்பீக்கர்களை மாட்டுவதுதான் என் வேலை.

எனக்குச் சொந்த ஊர் சங்கரன்கோவில். எங்கள் தெருவில் விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே பேசிப் பேசி, வீட்டுக்குள் ரகசியம்கூடக் கத்தித்தான் சொல்லுவோம். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் போதும் என்றாகிவிட்டது. மைக் செட் கடையில் சேர்ந்தேன். அதற்குப் பிறகு திருப்பூர், பிவண்டி, மஸ்கட், இப்போது இங்கே. பிவண்டியில் துணிமூட்டை மேல் படுத்தேன். மஸ்கட்டில் கம்பெனியை மூடிவிட்டு முதலாளி போய்விட்டான், பள்ளிவாசலில் கொடுத்த கஞ்சியைக் குடித்துக்கொண்டு கிடந்தேன். இதெல்லாம் வெளியே வந்த எல்லோருக்கும் நடப்பது. எழுத ஒன்றுமில்லை. நான் எழுத வந்தது எல்லோருக்கும் நடக்காத ஒன்றைப் பற்றி.

மைக் செட் கடைக்காரர் பெயர் மாடசாமி அண்ணாச்சி. குருவிகுளம் பக்கத்தில் ஒரு கரிசல் ஊர்தான் அவருக்குப் பூர்வீகம். அந்த ஊரில்தான் எனக்குப் பெண் பேசி முடித்திருந்தார்கள். அங்கே அம்மன் கோவில் கொடைத் திருவிழாவுக்கு நாங்கள்தான் மைக் செட். வேப்பமரத்தின் உச்சியில் நான் ஏறிக் குழாய் ஸ்பீக்கர் கட்டினேன். குழாய் கட்டுவதில் எங்கள் பக்கத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. யாரோடு பகையோ அவன் வீட்டைப் பார்த்துக் குழாயைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். மூன்று நாள் கொடையில் அவன் வீட்டு ஓடு அதிரும். போலீசுக்கும் போக முடியாது, சாமி காரியம். கட்டிய பிறகு ஒரு ஆள் ஊரின் கடைசி வீடு வரை நடந்து போய் நிற்பான். இங்கிருந்து மைக்கில் பேசுவார்கள். சொல் சொல்லாகக் கேட்டால் துண்டைத் தூக்கிக் காட்டுவான். துண்டு உயர்ந்தால்தான் கொடை தொடங்கும்.

அந்தக் கொடையில், குழாய்களில் ஒன்றின் பின்னால் திருகும் யூனிட்டைக் காணோம். அது இல்லாவிட்டால் குழாய் வெறும் தகரம். மதியக் கொடைக்கு ஊரே திரண்டிருந்த நேரம். அண்ணாச்சி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேராக மைக்கைப் பிடித்தார்.

“நம்ம கடையில வேலை பாக்கக்கூடிய வேலுச்சாமி, எடுத்து வச்சிருக்க யூனிட்டை மரியாதையா மேடைக்குப் பின்னால கொண்டாந்து வச்சிரணும். ஒனக்குப் பொண்ணு குடுக்கப் போற ஊருல களவாங்காதல.”

நான் அப்போது மரத்தின் மேல் இருந்தேன். என் பெயர் என் காதுக்குப் பக்கத்துக் குழாயிலிருந்து புறப்பட்டுப் போவதைக் கேட்டேன். கீழே அத்தனை முகமும் அண்ணாந்து பார்த்தது. பெண்ணின் தகப்பனாரும் பார்த்தார். இறங்குவதற்கு வேறு வழி இருந்தால் அந்த வழியில் இறங்கியிருப்பேன்.

கொடை முடிந்து சாமான்களை ஏற்றும்போது அவர் வேனிலேயே, தார்ப்பாய்க்கு அடியில் யூனிட் கிடந்தது. அவர் மச்சினன்தான் மழை வருமென்று கழற்றி அதில் போட்டிருக்கிறான். நான் போய் நின்றேன்.

“மைக்குல சொன்னத மைக்குலயே மாத்திச் சொல்லிரும் அண்ணாச்சி.”

“கெடச்சிட்டுல்லா? பொறவு என்னல? சோலியப் பாரு.”

“ஊரு முழுக்கக் கேட்டிருக்கு.”

“கேக்கட்டும். மாத்திச் சொன்னா நாளைக்கு எவம்ல என் மைக்க நம்புவான்? போ, வயரச் சுத்து.”

வயரைச் சுற்றி வைத்துவிட்டு வெளியே வந்தேன். பெண் வீட்டிலிருந்து வெற்றிலைத் தட்டு திரும்பி வந்தது. கரிவலம்வந்தநல்லூரில் வேறொரு இடம் பேசினார்கள். விசாரிக்கப் போனவர்களுக்கு அங்கேயும் மைக் சத்தம் முந்திக்கொண்டு போயிருந்தது. அவருடைய மைக்கை எல்லோரும் நன்றாகவே நம்பினார்கள். அதோடு ஊரை விட்டவன்தான். அன்றிலிருந்து என் பாடெல்லாம் ஒரே ஒரு வாக்கியத்துக்கு: வேலுச்சாமி யூனிட்டைத் திருடவில்லை. அதே ஊரில், அதே மரத்தில், மைக்கில் அது சொல்லப்பட வேண்டும். வேறு எந்தச் சமாதானமும் எனக்கு ஒத்துவராது.

இனி படகுக் கதைக்கு வருகிறேன். காலித் என்று ஒரு அரபி இளைஞன், புதுப் படகு வாங்கியவன், டவர் ஸ்பீக்கர் வேண்டுமென்று வந்தான். பட்டறையில் இரண்டு சோடி இருந்தன. ஒன்று குண்டு போல் உருண்டு, விளிம்பில் வண்ண விளக்கு ஓடும். பாட்டுப் போட்டால் பக்கத்தில் நிற்பவன் நெஞ்சு குலுங்கும். இன்னொன்று பார்க்க ஒன்றுமில்லை. உள்ளே சின்னக் குழாய் வாய், அதன் பின்னால் ஒரு யூனிட். எங்கள் ஊர்க் குழாயின் பேரன் என்று சொல்லலாம். காலித்துக்கு விளக்கு பிடித்திருந்தது. ஆனால் அவனுடைய தம்பிதான் பலகையில் பழகுகிறானாம். “மைக்கும் வேண்டும், அவன் விழும்போது திட்ட வேண்டும்” என்றான் அவனுடைய இந்தியில். அப்படியானால் கரையில் கேட்டு வாங்கினால் போதாது. இன்ஜின் இரைச்சல், எதிர்க் காற்று, படகு கிழித்துவிட்டுப் போகும் அலை, எல்லாவற்றையும் தாண்டிக் கயிற்றின் நுனியில் பேச்சுக் கேட்க வேண்டும். தண்ணீரில் கட்டிப் பார்ப்போம் என்றேன்.

படகை ஓட்டியவர் சாகுல் பாய். கடையநல்லூர்க்காரர், எனக்கு மூத்தவர். காலித்தும் கூட ஏறிக்கொண்டான். கயிற்றின் நுனியில் ஒரு ரப்பர்த் தெப்பத்தைக் கட்டி அதில் நான் உட்கார்ந்துகொண்டேன். முதலில் விளக்கு ஸ்பீக்கர். பாட்டின் டமடம மட்டும் வந்தது. பாய் மைக்கில் ஏதோ பேசினார், தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போல் இருந்தது. திரும்பி வந்து குழாய் ஸ்பீக்கரை மாட்டினோம்.

“ஹலோ ஹலோன்னு சொல்லாதீரும் பாய்” என்றேன். “ஹலோ ஓட்டை டப்பாலயும் கேக்கும். ஒரு முழு வாக்கியமாச் சொல்லணும்.”

“என்னத்தச் சொல்ல? நீரே சொல்லும் வே.”

அந்த வாக்கியத்தைச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஒரே அறையில் படுக்கிறவர், கதை அவருக்குத் தெரியும். போய் ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

படகு வேகம் எடுத்தது. முகத்தில் உப்புத் தண்ணீர் அறைந்தது. அதையெல்லாம் தாண்டிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தும் சிதறாமல் வந்தது: “வேலுச்சாமி யூனிட்டைத் திருடவில்லை. வேலுச்சாமி யூனிட்டைத் திருடவில்லை.” பாய் நல்ல குரல்காரர். தொழுகைக்குக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை. அந்த வாக்கியம் மைக்கில் வந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கை தன்னால் கழுத்துத் துண்டை உருவித் தலைக்கு மேல் வீசியது.

உடனே படகு அரைவட்டம் அடித்துத் திரும்பியது. காலித் சட்டையைக் கழற்றிக்கொண்டு குதிக்கத் தயாராக நின்றான். “முஷ்கில்? முஷ்கில்?” என்று கத்தினான். இங்கே தண்ணீரில் கையோ துணியோ வீசினால் உயிருக்கு ஆபத்து என்று அர்த்தமாம். எங்கள் ஊரில் நன்றாகக் கேட்கிறது என்று அர்த்தம் என்பதை எந்தப் பாஷையில் விளக்குவது? “மாஃபி முஷ்கில், ஒரு கஷ்டமும் இல்லை, இதுதான் ஸ்பீக்கர்” என்றேன். அவன் என் கண்ணைப் பார்த்துவிட்டு, உப்புத் தண்ணீர் பட்டுவிட்டதென்று நினைத்து, கழுவச் சொல்லி நல்ல தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.

அதே ஸ்பீக்கரில் இன்னொரு சோடியை எனக்காக வாங்கினேன். ஊருக்குக் கார்கோவில் அனுப்பினேன். அந்தக் கரிசல் ஊரின் கொடைக் கமிட்டிக்குப் போன் செய்தேன். கோவிலுக்கு இது என் காணிக்கை, வெயிலுக்கும் மழைக்கும் அசையாது, ஆனால் ஒரு நிபந்தனை என்றேன். வருஷா வருஷம் மதியக் கொடையில் அந்த ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். ஒரு ஸ்பீக்கர் அங்கே மாடசாமி அண்ணாச்சியின் பூர்வீக வீட்டைப் பார்த்து இருக்க வேண்டும். கமிட்டித் தலைவர் சிரித்தார். “இத்தன வருசம் கழிச்சா வே? நல்ல ஆளுதாம்யா நீரு. சரி, சொல்லிட்டாப் போச்சு” என்றார். அவருக்குச் சிரிப்பாக இருக்கலாம். அவர் மரத்தின் மேல் இருக்கவில்லை.

என் அக்காவுக்கு இது பிடிக்கவில்லை. சங்கரன்கோவிலில் பெட்டியைப் பத்திரமாக வாங்கி வைத்தவள் அவள்தான்.

“ஏலே, அந்த ஆளுக்கு ரெண்டு காதும் போயிட்டு. வாழ்நாள் பூரா கொழாய்க்குக் கீழ உக்காந்தவருல்லா? இப்ப இடி விழுந்தாலும் கேக்காது. கடைய மூடிட்டு ஊரோட போயிக் கெடக்காரு. அவரு வீட்டப் பாத்துக் கட்டி யாருக்குல கேக்கப் போவுது?”

“அவருக்குக் கேக்காண்டாம்.”

“பொறவு?”

“ஊருக்குக் கேட்டாப் போதும்.”

சாகுல் பாயும் சொல்லிப் பார்த்தார். “காது போனவன்ட்ட என்ன வே வைராக்கியம்? அல்லா குடுத்துட்டான் கூலிய. நீரு விடும்.” அல்லா கொடுத்தது அல்லா கணக்கில். என் பங்கு தனி. அன்று எனக்குக் கேட்டதாலா நான் கெட்டேன்? ஊருக்குக் கேட்டதால்தானே கெட்டேன். கூலியும் அங்கேதான் கொடுக்க வேண்டும்.

கொடை வந்தது. எனக்கு லீவு இல்லை, இங்கே படகுக்கு நல்ல பருவம் அது. மதியக் கொடை நேரம் இங்கே காலை. அக்கா அந்த ஊருக்குப் போய், வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு எனக்குப் போன் போட்டாள். காலித்தின் படகு சர்வீசுக்கு வந்து துறையில் கட்டிக் கிடந்தது. சாகுல் பாய் என் போனை வாங்கிப் படகின் செட்டோடு ப்ளூடூத்தில் இணைத்துத் திருப்பிக் கொடுத்தார். டவர் ஸ்பீக்கரிலிருந்து மேளமும் நையாண்டியும் உப்பங்கழி மேல் புறப்பட்டன. படகுக்குள் நின்றால் சரியாகக் கேட்காது, வாய் பின்பக்கம் அல்லவா? நான் மரப்பாலத்தில் நடந்து, கயிறு எட்டும் தூரத்துக்குப் போய் நின்றேன்.

மேளம் நின்றது. ஒரு இளவட்டக் குரல். சிவப்புக் காரை யாரோ பந்தலை மறித்து நிறுத்தியிருக்கிறார்களாம், எடுக்க வேண்டுமாம். இரண்டாம் பந்தி தயாராம். அதே மூச்சில், “சங்கரன்கோவில் வேலுச்சாமி அவர்கள் யூனிட்டைத் திருடவில்லை என்பதைக் கமிட்டி சார்பாகத் தெரிவித்துக்கொள்கிறோம். பந்தியில் இடம் இருக்கிறது, அனைவரும் வரவும்.” அவ்வளவுதான். மேளம் மறுபடி தொடங்கிவிட்டது.

அக்கா குரல் வந்தது. “கேட்டியால? பாதிப் பேரு சாப்பாட்டுக்கு ஓடிட்டான். பாதிப் பேரு எந்த வேலுச்சாமின்னு கேக்கான்.”

“அவரு எங்க?”

“இங்கனதான் நாற்காலியில இருக்காரு. மொகம் பூரா சிரிப்பு. என்ன சொல்லுதான்னு என்ட்ட கேட்டாரு. நான் காதுக்குள்ளயே போயிக் கத்திட்டேன், எந்தம்பி களவாங்கலன்னு சொல்லுதாங்கன்னு.”

“அதுக்கு என்ன சொன்னாரு?”

“அண்ணாந்து ஸ்பீக்கரப் பாத்துட்டு, ‘கடைசி வீடு வரைக்கும் தெளிவாக் கேக்குதா?’ன்னு கேட்டாருல.”

மன்னிப்பு என்று அதை எடுத்துக்கொள்ள நான் தயாரில்லை. அது மைக் செட்காரன் கேள்வி, சாகும்வரை கேட்பான். எனக்கு ஆறவில்லை. அடுத்த வருஷம் பந்திக்கு முன்னாலேயே சொல்லச் சொல்ல வேண்டும், காரைப் பற்றிச் சொல்வதற்கும் முன்னால். அதற்கு அடுத்த வருஷமும் சொல்லட்டும். அவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சொல்லட்டும்.

ஆனால் கேள்வி கேட்டால் பதில் சொல்லிப் பழகிய உடம்பு இது. படகின் மூக்கு திறந்த கடலைப் பார்த்து இருந்தது. ஸ்பீக்கர்கள் என்னையும், என் முதுகுக்குப் பின்னால் எங்கோ கிடக்கும் ஊரையும் பார்த்து இருந்தன. மேளம் சொல் சொல்லாக வந்தது. துண்டை உருவித் தலைக்கு மேல் தூக்கினேன். எதிர்த் துறையிலிருந்து காலித் எழுந்து நின்று, “முஷ்கில்?” என்று கத்தினான். அவனுக்குப் பதில் சொல்ல வேண்டும். துண்டை இறக்கத்தான் கை வரவில்லை.