கழற்றாமல் விட்ட பேட்டரி

நானுஓயாவுக்கு மேலே மூடிக் கிடக்கும் தேயிலை ஸ்டோருக்குப் பக்கத்து லயத்தில் வரிசையாகப் பன்னிரண்டு ஒற்றை அறைக் காம்பரா. ஆள் இருப்பது ஒன்றில்தான். மற்றவர்கள் தோட்டத்தின் மேல் பிரிவான மேல் கணக்கில் கட்டிய புது வீடுகளுக்குப் போய்விட்டார்கள். சண்முகவடிவின் புருஷன் ஆண்டியப்பன் ஸ்டோருக்குக் காவல்காரன் என்பதால் அவர்கள் இருவரும் மட்டும் அங்கேயே தங்கினார்கள். அவர் தவறிப்போய் இரண்டு வருஷமாகிறது. அந்த வேலையையும் சாவியையும் தோட்டத்துத் துரை இவளிடமே கொடுத்துவிட்டார். மகள் ஷாமிலா கலியாணம் கட்டிக் கொழும்பில் இருக்கிறாள். ஞாயிறு தோறும் போன் எடுப்பாள்.

போன வைகாசியில் விஜிதரன் என்ற யாழ்ப்பாணத்துக்காரர் ஒரு பெரிய வேனைக் கொண்டுவந்து ஸ்டோர்க் கொட்டகையில் விட்டார். உள்ளேயே கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் இருக்கும் வேன். வெள்ளைக்காரர்களுக்கு வாடகைக்கு விடுவார். மழைக்காலத்தில் யாரும் கேட்பதில்லை.

கிளம்பும் முன் இரண்டு பேட்டரியையும் காட்டினார். ஒன்று முன்னால், இஞ்சினுக்கு. மற்றது பின்னால் கட்டிலுக்கு அடியில், உள்ளே எரியும் லைட்டுக்கும் தண்ணி மோட்டாருக்கும்.

"அக்கா, ரெண்டையும் கழட்டி வைக்கவேணும். வேன் சும்மா நிண்டாலும் உள்ளுக்க எதாவது கொஞ்சங் கொஞ்சமாக் கரண்டைக் குடிச்சுக்கொண்டிருக்கும். கறுப்பு வயரை முதல்ல கழட்டுங்கோ, பிறகு சிவப்பு. பூட்டேக்க சிவப்புத்தான் முதல். விளங்கிச்சோ?"

"வெளங்குதுங்க தம்பி. நாளைக்குக் காலையில செஞ்சிர்றேன்."

சொன்னபடி மறுநாள் ஸ்பேனரோடு போனாள். முன் பேட்டரியின் கறுப்பு வயரைக் கழற்றி, முனை எதிலும் படாமல் துணி சுற்றினாள். பிறகு சிவப்பு. அடுத்துக் கட்டில் பலகையைத் தூக்கிப் பின் பேட்டரியின் கறுப்பு வயரையும் இழுத்தாள். சுவரோரம் மினுங்கிக்கொண்டிருந்த சின்னப் பச்சை லைட் அணைந்தது. கேஸ் கசிந்தால் கத்துகிற பெட்டியின் லைட் அது.

முந்தின நாள் பொழுதுசாய அந்த லைட்டை வேன் ஜன்னல் வழியாகத் தன் வாசலிலிருந்தே பார்த்திருந்தாள். மூன்று பக்கமும் இருட்டுக்கட்டிய லயத்துக்கு எதிரே யாரோ குடியிருக்கிற மாதிரி இருந்தது. ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு வயரைத் திரும்பப் பூட்டிவிட்டு இறங்கினாள்.

ஆனி, ஆடி இரண்டு மாதமும் மழை விடவில்லை. மேல் கணக்கில் இருக்கும் மீனம்மா, இவளோடு ஒரே மலையில் கொழுந்து பறித்தவள், வழியில் கண்டால் கூப்பிடுவாள்.

"ஏன்டி தனியா கெடக்குற? பொழுதுபட்டா எங்க வீட்டுப் பக்கம் வாயேன்."

"வேனப் பாக்கணும்ல. ஆள நம்பி விட்டுட்டுப் போயிருக்காங்க."

அது பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. பொழுதுபட்டால் வாசலில் உட்கார்ந்து அந்தப் பச்சைப் புள்ளியைப் பார்த்துக்கொண்டே தேத்தண்ணி குடிப்பது அவளுக்குப் பழகிவிட்டது.

ஆடிக் கடைசியில் ஒரு நாள் பெட்டி கீச், கீச் என்று கத்தத் தொடங்கியது. கேஸ்தானோ என்று பயந்து ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். கேஸ் வாசனை இல்லை. பச்சை மங்கிச் சிவப்பாகியிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதுவும் போய்விட்டது. லைட் சுவிட்சைப் போட்டாள். எரியவில்லை.

விடிந்ததும் ஓட்டோ பிடித்துப் பேட்டரியை நானுஓயாவில் லக்ஸ்மனின் பேட்டரிக் கடைக்குக் கொண்டுபோனாள். லக்ஸ்மன் மீட்டரை வைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

"ரொம்ப எறங்கிப் போச்சுங்க. இப்பிடி வெறுமையாக் கெடந்தா உள்ள தகடு கெட்டுரும். சார்ஜ் போட்டுப் பாக்குறேன். பழைய மாதிரி வராது."

மூன்று நாள் கழித்து வாங்கிவந்தாள். பாதிதான் ஏறியிருந்தது. அதைக் கட்டிலுக்கடியில் வைத்துப் பலகையை மூடிவிட்டால் யாருக்குத் தெரியும், பேட்டரி பழசு என்றுதான் நினைப்பார்கள். அந்த நினைப்போடு ஒரு பகல் முழுக்க நடந்தாள். சாயங்காலம் விஜிதரனுக்குப் போன் எடுத்தாள்.

"தம்பி, பின் பேட்டரி கெட்டுப் போச்சுங்க. நாந்தான் கழட்டாம விட்டேன்."

"மறந்துபோனீங்களோ?"

"மறக்கலைங்க. கழட்டிட்டுத் திரும்பப் பூட்டினேன். அந்தப் பச்சை லைட்டுக்காக. இங்கிட்டு வேற வெளிச்சம் இல்லைங்க."

கோபமாகத்தான் இருப்பார் என்று நினைத்தாள்.

"நீங்கள் சொல்லாட்டி எனக்குத் தெரிஞ்சிருக்காது," என்றார் அவர். "சரி அக்கா. வேற ஒண்டு போடுவம். இப்ப அதையும் கழட்டியே வையுங்கோ. கழட்டினால் வேனுக்கு ஒண்டும் ஆகாது, கிழமைக்கு ஒருக்கால் பாத்தாக் காணும்."

போனை வைத்த பிறகு அந்தக் கடைசிப் பேச்சுதான் மனசில் நின்றது. பேட்டரி கழற்றிய வேனை வாரத்துக்கு ஒரு தடவை பார்த்தால் போதும். பொழுதுபட்டால் வாசலில் உட்கார இனிச் சாக்கு இல்லை.

நாலு நாள் இருட்டில் உட்கார்ந்திருந்து பார்த்தாள். ஐந்தாம் நாள் குடையை எடுத்துக்கொண்டு மேல் கணக்குக்கு ஏறினாள். மீனம்மா வீட்டில் எல்லோரும் டீவி முன்னால் இருந்தார்கள். மருமகள் நகர்ந்து இடம் கொடுத்தாள். அதற்குமேல் யாரும் அவளைக் கவனிக்கவில்லை. நாடகத்தில் யார் யாருக்கு என்ன உறவு என்பது அவளுக்குப் புரியவில்லை. கேட்கவும் கூச்சமாக இருந்தது. இறங்கும்போது, வந்தது வீண் என்றுதான் தோன்றியது.

மறுநாள் பொழுதுசாய மறுபடியும் ஏறினாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளேயிருந்து மீனம்மாவின் குரல் கேட்டது.

"வடிவு வர்றா. அவளுக்கும் ஒரு கோப்ப தேத்தண்ணி ஊத்து."