மரினா மாமி சொன்ன சிறுபோகம்

அவுஸ்திரேலியா எந்தப் பக்கம் என்று கேட்டால் மரினாவுக்குச் சரியாகக் கையைக் காட்டத் தெரியாது. ஆனால் அந்த நாட்டு விக்டோரியா மாநிலத்தில் பதினெட்டு வயதுப் பெண்பிள்ளைகளில் யார் இடது காலால் உதைப்பாள், யாருக்குப் போன வருடம் முழங்கால் பிசகியது, யார் எதிராளியைக் கட்டிப்பிடித்தால் லேசில் விடமாட்டாள் என்பதெல்லாம் அவளுக்கு விரல் நுனியில். லண்டன் பிளேஸ்டோவில் ஞாயிறு பூசை முடிந்து, மண்டபத்தில் தேநீரோடு மற்றப் பெண்கள் பிள்ளைகளின் கலியாணத்தைப் பற்றிக் கதைக்கும்போது, இவள் கைப்பையிலிருந்து ஒரு நீலக் கொப்பியை எடுத்து விரிப்பாள்.

"மரினாக்கா, உது முழுக்கப் பொம்பிளைப் பிள்ளையளின்ரை பேராக் கிடக்கு. கலியாணத் தரகு ஏதும் தொடங்கிட்டியளோ?" என்று றஜீனா கேட்பாள். இருவரும் மன்னாரிலிருந்து வந்தவர்கள். றஜீனாவின் கேலிக்கு மரினா கோபிப்பதில்லை. கோபித்தால் தேநீரோடு வரும் ரோல்ஸில் பாதி கிடைக்காது.

மரினாவுக்கு ஐம்பத்தேழு வயது. ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு ஆரம்பப் பள்ளியில் இருபத்திரண்டு வருடமாக நாலு வயதுப் பிள்ளைகளின் வகுப்பில் உதவி ஆசிரியை. கலியாணம் செய்யவில்லை, அதைப் பற்றி யாரும் கவலைப்பட்டால் அவளுக்குச் சிரிப்புத்தான் வரும். அவளுக்கு இருந்த ஒரே தம்பி கொட்வின் மெல்பேர்ணுக்குப் போய்ச் சேர்ந்தான். அவனுக்கு இருந்த ஒரே மகள் அஞ்சலீனா பன்னிரண்டு வயதில் நீள்வட்டப் பந்து ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடத் தொடங்கினாள். தம்பி அனுப்பிய முதல் வீடியோவைப் பார்த்த சனிக்கிழமை மாமிக்குப் பிடித்த பைத்தியம் இது. இன்றுவரை விடவில்லை.

அவுஸ்திரேலிய ஃபுட்போல் என்ற அந்த விளையாட்டில் ஒரு நடைமுறை உண்டு. கழகங்கள் தாம் விரும்பிய இளம் ஆட்களைப் போய் வளைத்துப் போட முடியாது. வருடத்தில் ஒரு நாள், பதினெட்டு வயதானவர்களின் பட்டியலை நடுவில் வைத்து, கடைசி இடத்தில் நிற்கும் கழகம் முதலில் ஒருவரை எடுக்கும். பிறகு அதற்கு மேலே நிற்பது, அதற்கும் மேலே நிற்பது என்று வரிசையாகப் போகும். பெயர் டிராஃப்ட். ஐம்பது அறுபது பெயரோடு கதை முடியும்; மிச்சப் பேர் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். அதற்குப் பல மாதம் முன்பிருந்தே அங்கே எல்லோருக்கும் ஒரே விவாதம்: இந்த வருடத்துப் பிள்ளைகள் திறமா, முந்தின வருடத்தவர்கள் திறமா?

இந்த விவாதத்துக்கென்றே பிறந்தவள் மரினா. நெல் விதைக்கிற வீட்டில் வளர்ந்தவளுக்கு எதையும் இரண்டாகப் பிரிக்கத்தான் தெரியும். மாரி மழையில் விளைகிற பெரிய விளைச்சல் காலபோகம். குளத்துத் தண்ணீரை நம்பிச் செய்கிற சின்ன விளைச்சல் சிறுபோகம். வந்து போன பங்குச் சுவாமிமாரையும், கடையில் வருகிற மாம்பழப் பெட்டிகளையும், அவள் இந்த இரண்டுக்குள்தான் அடக்கினாள். டிராஃப்டையும் அப்படியே அடக்கினாள். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு ஆட்டத்தில் எத்தனை தரம் பந்தை எடுத்தாள், எத்தனை பேரை மடக்கினாள், எத்தனை ஆட்டம் தவறாமல் ஆடினாள் என்று புள்ளி போட்டு, தேறுவதற்கு ஒரு கோடும் கீறுவாள். இருபது பேர் அவளுடைய கோட்டைத் தாண்டினால் அந்த வருடம் காலபோகம். தாண்டாவிட்டால் சிறுபோகம். முதல் இரண்டு மூன்று நட்சத்திரங்களைப் பார்த்து வருடத்தை மதிப்பவர்கள்மேல் அவளுக்கு இளக்காரம். இருபதாவது ஆளைப் பார்த்தால்தான் வருடத்தின் பலம் தெரியும் என்பாள். அதில் அவள் சொன்னது பெரும்பாலும் சரியாகத்தான் வந்தது.

இப்படியிருக்க, அஞ்சலீனாவின் வருடம் வந்தது.

ஒக்டோபரில் ஒரு காலை அவள் வீடியோவில் அழைத்தாள். ஓட்டம், பாய்ச்சல் என்று எல்லாச் சோதனையும் முடிந்திருந்தது. முகம் வாடியிருந்தது. தனக்குப் பயமாக இருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொன்னாள். மரினாவுக்கு அந்த முகத்தைப் பார்க்கப் பொறுக்கவில்லை. அவசரத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

"பயப்பிடாதை பிள்ளை. இந்த வருசம் சிறுபோகம். உன்னை எடுக்காமல் வேறை ஆரை எடுக்கப் போகினம்?"

"மாமி, சிறுபோகம் எண்டா என்ன?"

"கொப்பாவைக் கேள், சொல்லுவார்" என்று சிரித்துவிட்டு மரினா வேலைக்கு ஓடினாள்.

அஞ்சலீனா கேட்டிருக்கிறாள். கொட்வினும் காரை ஓட்டிக்கொண்டே ஒளிவு மறைவில்லாமல் விளக்கியிருக்கிறான். அந்தச் சனிக்கிழமை வழக்கமாக வரும் குரல்செய்தி வரவில்லை. அடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. மரினா அனுப்பியவற்றுக்கு, பார்த்ததற்கான நீலச் சரி விழுந்தது, பதில் விழவில்லை. ஆறு வருடமாக ஒரு சனிக்கிழமை தப்பாமல் கேட்ட குரல் அது. மூன்றாவது வாரம் தம்பிக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"அக்கா, நீங்கள் அவளைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை. மற்றப் பிள்ளையள் சரியில்லை எண்டுதான் சொன்னனீங்கள்" என்றான் கொட்வின். "இனித் தன்னை எடுத்தாலும், ஆளில்லாததாலை எடுத்தவை எண்டு மாமி நினைப்பா எண்டு சொல்லுறாள். நான் என்ன சொல்ல?"

"நான் ஆறுதலுக்குச் சொன்னனான்."

"அது அவளுக்கு விளங்குது. அதுதான் கூட நோகுது."

மரினா சும்மா விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. கொப்பியைத் திறந்து மறுபடி எண்ணினாள். பதினொரு பேர்தான் கோட்டைத் தாண்டியிருந்தார்கள். சிறுபோகம் சிறுபோகம்தான், உண்மையைச் சொன்னதற்கு ஏன் முகத்தைத் தூக்கி வைத்திருக்கவேண்டும் என்று இரண்டு நாள் தனக்குள்ளேயே வழக்காடினாள். வழக்கில் வென்றாள். வென்றும் சாப்பாடு இறங்கவில்லை.

அந்த வாரம் பள்ளியில் ஆசிரியர் அறையில் ஒரு இளம் ஆசிரியை தேநீரைக் கலக்கிக்கொண்டே, இந்த வருட நாலு வயதுப் பிள்ளைகள் போன வருடத்தைவிடப் பலவீனம் என்று பொதுவாகச் சொன்னாள். மரினாவுக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. எந்தப் பிள்ளை என்று கேட்டாள். அந்தப் பெண் விழித்தாள். யாரையும் குறிப்பாகச் சொல்லவில்லை, மொத்தமாகத்தான் சொன்னேன் என்றாள். மொத்தம் என்று ஒரு பிள்ளை என் வகுப்பில் இல்லை, இருபத்தெட்டுப் பேருக்கும் பெயர் இருக்கிறது, பெயரைச் சொல் என்று மரினா ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளினாள். சொல்லி முடித்த பிறகுதான் அது தன் காதிலேயே விழுந்தது. தேநீரை அப்படியே வைத்துவிட்டு வெளியே போனாள்.

வீட்டுக்கு வந்ததும் கொப்பியில் இந்த வருடப் பக்கத்தை எடுத்து அஞ்சலீனாவின் பெயரைத் தேடினாள். பெயர் இல்லை. மறந்துபோய் விடவில்லை, வேண்டுமென்றே விட்டிருந்தாள். சொந்தப் பிள்ளையின் பெயரை நாலு பிள்ளைகளின் நடுவில் எழுதிப் புள்ளி போட்டால் நாவூறு கண்ணூறு பட்டுவிடும் என்ற பயம். பங்குச் சுவாமி கேட்டால் பாவசங்கீர்த்தனத்துக்குக் கூப்பிடுவார். ஆனாலும் பயம் பயம்தான். பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது தொடங்கிய வழக்கம், பிள்ளை வளர்ந்த பிறகும் மாறவில்லை. இத்தனை பேரை அளந்தவள் அந்த ஒருத்தியை மட்டும் அளக்கவேயில்லை. அளக்காமலே ஆறுதல் சொல்லியிருக்கிறாள்.

அதை நினைத்து மரினா மேசையில் தலையை வைத்து அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வேலையைத் தொடங்கினாள்.

அஞ்சலீனாவின் அந்த வருட ஆட்டம் ஒவ்வொன்றையும், முன்பின் தெரியாத ஒருத்தியைப் பார்ப்பதுபோல முதலிலிருந்து பார்த்தாள். அதற்கு இரண்டு சனி ஞாயிறு போனது. மாமி என்று ஒரு புள்ளி கூட்டிப் போடவில்லை. நாலாம் ஆட்டத்தில் பந்தைத் தவறவிட்டு நின்றபோது பல்லைக் கடித்துக்கொண்டு குறைத்தாள். கடைசியில் அஞ்சலீனா கோட்டைத் தாண்டினாள். ஆட்கள் பன்னிரண்டானார்கள். வருடம் அப்போதும் சிறுபோகம்தான்.

மரினா அத்தோடு நிறுத்தவில்லை. இரண்டு வருடத்துக்கு முந்தின பக்கத்தை எடுத்தாள். கொப்பியிலேயே ஆகப் பலமான வருடம் அது. அந்தப் பட்டியலில் இருந்த பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் இன்றும் கழகங்களில் ஆடுகிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு நடுவே அஞ்சலீனாவை நிறுத்திப் பார்த்தாள். இருபத்தாறாவது இடம் வந்தது. சரிதானா என்று மூன்று தரம் எண்ணினாள்.

டிராஃப்டுக்கு ஒரு கிழமை இருக்கும்போது குரல்செய்தி பேசினாள். நாலு தரம் அழித்து, ஐந்தாம் தரம் அனுப்பினாள்.

"பிள்ளை, மாமி கதைக்கிறன். மற்றப் பிள்ளையளை எல்லாம் எழுதின நான் உன்னை எழுதேல்லை. நாவூறு எண்டு பயந்தனான், விசர் வேலை. இப்ப எழுதிப் பாத்திட்டன். இந்த வருசம் சிறுபோகம்தான், அதிலை நான் பொய் சொல்ல மாட்டன். ஆனா உன்னைக் கொண்டுபோய்க் காலபோகத்துக்குள்ளை விட்டுப் பாத்தன். அதுக்குள்ளையும் நீ இருபத்தாறாவதா நிக்கிறாய். ஆளில்லாமல் எடுக்கிற பிள்ளை இல்லை நீ. இதை முதலே பாத்துச் சொல்லாதது என்ரை பிழை. மன்னிச்சுக்கொள்."

நீலச் சரி விழுந்தது. பதில் இல்லை.

டிராஃப்ட் மெல்பேர்ணில் மாலை ஏழு மணிக்கு, லண்டனில் காலை எட்டுக்கு. மரினா பள்ளிக்கு அரைநாள் லீவு சொன்னாள். றஜீனா வந்து சோபாவில் பக்கத்தில் இருந்தாள். திரையில் ஒவ்வொரு பெயராக வாசித்தார்கள். ஒவ்வொரு பெயருக்கும் றஜீனா, "இது எங்கட பிள்ளையோ?" என்றாள். "இல்லை" என்றாள் மரினா. இருபதாவது பெயர் போனது. முப்பதாவது போனது. நாற்பதுக்கு மேல் றஜீனா கேட்பதை நிறுத்திவிட்டு மரினாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். எடுபட்ட பெண்களின் உயரத்தைத் திரையில் காட்டிக்கொண்டிருந்தார்கள்; பெரும்பாலும் ஐந்தரை அடிக்கு மேல். அஞ்சலீனா ஐந்தடி இரண்டு அங்குலம். மரினாவின் கொப்பியில் உயரத்துக்குக் கட்டமே கிடையாது. தானே ஐந்தடியைத் தாண்டாத மரினா கீறிய கட்டங்கள் அவை. கடைசிக் கழகம் கடைசிப் பெயரை வாசித்தது. அதுவும் எங்கள் பிள்ளை இல்லை.

"சிறுபோகத்திலையும் விட்டுட்டாங்களே" என்று றஜீனா தன்னையறியாமல் சொன்னாள். ஒக்டோபரில் தான் சொன்ன சொல் இப்போது அந்தப் பிள்ளையின் தலையில் எப்படி விழுந்திருக்கும் என்று மரினா நினைத்தாள்.

கால்மணி நேரத்தில் தொலைபேசி அடித்தது. வீடியோ இல்லை, குரல் மட்டும். மூக்கை உறிஞ்சும் சத்தம் முதலில் வந்தது.

"மாமி."

"சொல்லு பிள்ளை."

"எடுக்கேல்லை."

"பாத்தனான்."

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அழுதார்கள். மரினா ஆறுதலாக ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லப் பயந்தாள். றஜீனா எழும்பித் தேநீர் போடக் குசினிக்குப் போய்விட்டாள்.

அஞ்சலீனா மெல்ல ஆங்கிலத்தில் தொடங்கினாள். காருக்குள் இருப்பதாகவும், மாமியின் செய்தியைப் பல தரம் கேட்டதாகவும், ரோசத்தில்தான் பதில் போடவில்லை என்றும் சொன்னாள். இன்னும் ஒரு வருடம் ஆடிவிட்டு மறுபடி பெயர் கொடுக்கலாம் என்று பயிற்சியாளர் சொல்கிறாராம்.

"மாமி, அடுத்த வருசப் பிள்ளையளையும் எழுதி வைச்சிருக்கிறீங்களா?"

மரினாவுக்குத் திக்கென்றது. எழுதி வைத்திருந்தாள்தான். இப்போதே இருபத்துநாலு பேர் கோட்டுக்கு மேல் நின்றார்கள். தெரியாது என்று சொல்லிவிடலாம். இன்னும் பார்க்கவில்லை என்றும் சொல்லலாம். அழுது களைத்த பிள்ளைக்கு அந்த அளவு பொய் பாவமாகாது என்று ஒரு கணம் தோன்றியது.

"எழுதி வைச்சிருக்கிறன்" என்றாள்.

"எப்பிடி? உண்மையைச் சொல்லுங்கோ."

"காலபோகம், பிள்ளை. நல்ல பலமான வருசம்."

மரினா தொலைபேசியைக் காதோடு அழுத்திப் பிடித்தாள். பிள்ளை வைத்துவிட்டாள், இதுவும் பிழையாகிவிட்டது என்றே நினைத்தாள்.

"நல்லது" என்றாள் அஞ்சலீனா, தமிழிலேயே, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து. "அதுக்குள்ளை என்னை எடுத்தா, ஆளில்லாமல் எடுத்தவை எண்டு ஒருத்தரும் சொல்ல ஏலாது. நீங்களும் சொல்ல ஏலாது."

"ஓம்" என்றாள் மரினா. "நானும் சொல்ல ஏலாது."

"சனிக்கிழமை எடுக்கிறன், மாமி" என்று சொல்லிவிட்டு அவள் வைத்தாள்.