வாயில் வைக்காத வைன்

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், ரொறன்ரோவில் டான்போர்த் வீதியில் இருந்த ஒரு கிரேக்க உணவகத்தில் பரிமாறும் வேலை செய்துகொண்டிருந்தேன். நானும் கணவரும் பார்க்டேலில் ஓர் அப்பார்ட்மென்டில் இருந்தோம். அவருடைய தொழிற்சாலையில் ஆட்களைக் குறைத்துவிட்டதால், அப்போது என் வேலையை நம்பித்தான் வீடு ஓடியது.

அந்த நேரத்தில் நான் கர்ப்பமாகவும் இருந்தேன். முதல் தடவை தங்காமல் போனதால், இந்தத் தடவை சொந்தக்காரருக்குக்கூடச் சொல்லவில்லை. முதலாளிக்குச் சொல்ல அதைவிடப் பயம். நிறுத்திவிட்டால் என்ன செய்வது?

"சொல்லிப்போடும். எவ்வளவு நாளைக்கெண்டு ஒளிக்கப் போறீர்?" என்பார் கணவர். நான் நாளைக் கடத்திக்கொண்டே வந்தேன்.

ஒரு திங்கட்கிழமை மத்தியானம், கடை திறக்க முன்னர், முதலாளி பரிமாறுபவர்கள் எல்லோரையும் நீளமேசையில் உட்காரவைத்தார். சிரித்தறியாத மனிதர். கிரேக்கத்தின் வெவ்வேறு பகுதிகளிலிருந்து வைன் தருவித்திருந்தார். எந்த ஊர் வைன் எந்தச் சாப்பாட்டுக்குப் பொருந்தும் என்று வாடிக்கையாளருக்கு நாங்கள் சொல்லவேண்டுமாம். அதற்கு முதலில் நாங்கள் ருசி பார்க்கவேண்டும்.

துப்புவதற்குப் பாத்திரம் இருந்தது. ஆனாலும் ஒரு சொட்டை வாயில் வைக்கவும் எனக்கு மனம் வரவில்லை. தீவு வைன் எலுமிச்சை போலப் புளிக்கிறது, வடக்குச் சிவப்பு வைன் ஆட்டிறைச்சிக்கு நல்லது என்று மற்றவர்கள் பேச, நான் குடிப்பதுபோலப் பாவனை செய்து கிளாஸைக் கீழே வைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் சமையலறையில் வேலை செய்த யாழ்ப்பாணத்து அண்ணை, தணலில் வாட்டிய கணவாயும் பொரித்த சின்ன மீனும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். அந்த மீன் வாடையை என்னால் தாங்க முடியவில்லை. கைக்கு அகப்பட்ட கிளாஸை மூக்கோடு சேர்த்துப் பிடித்தேன். அது பைன் மரப் பிசின் கலந்த வைன். சாம்பிராணி போட்டதுபோல ஒரு வாசம். மீன் வாடை அப்படியே அடங்கிவிட்டது. பிறகு கிளாஸை இறக்கவே பயமாக இருந்தது.

"ஏன் அதையே மணந்துகொண்டிருக்கிறாய்?" என்று முதலாளி கேட்டார்.

என் அரைகுறை ஆங்கிலத்தில் உண்மையைத்தான் சொன்னேன். "இது மீன் வாடையை எடுக்குது, சேர்."

அவர் மேசையில் தட்டிச் சிரித்தார். "அதேதான்! எங்கள் ஊரில் பொரித்த மீனோடு இதை வைப்பதே அதற்காகத்தான். சரி, ருசி எப்படி?"

கேட்டவர் என் கிளாஸைப் பார்த்தார். தொடாமல் நிறைந்திருந்த மற்றக் கிளாஸ்களையும் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். அதற்குமேல் குமட்டலை அடக்க முடியவில்லை. எழுந்து கழிவறைக்கு ஓடினேன்.

வெளியே வந்தபோது அண்ணை நின்றார்.

"என்ன தங்கச்சி, முகமெல்லாம் வெளிறிப் போச்சு?"

"ஒண்டுமில்லை அண்ணை."

"சரி, ஒண்டும் சொல்லவேண்டாம். போய் இரும்."

இன்றோடு வேலை போனது என்று நினைத்துக்கொண்டுதான் மேசைக்கு வந்தேன். என் இடத்தில் கிளாஸ்களும் இல்லை, மீன் தட்டும் இல்லை. எலுமிச்சைத் துண்டு போட்ட சுடுதண்ணீரும் இரண்டு ரஸ்க்கும் இருந்தன. முதலாளி என் பக்கம் திரும்பாமலே மற்றவர்களிடம் சொன்னார்: "இவளுக்கு நல்ல மூக்கு. இவள் மணந்து சொல்லட்டும், நீங்கள் குடித்துச் சொல்லுங்கள்."

எல்லோரும் எழுந்து போனபிறகு, கிளாஸ்களை அடுக்கிக்கொண்டே பேசினார். "மூத்தவன் வயிற்றில் இருந்தபோது என் மனைவிக்கும் கணவாய் ஆகாது. உனக்கு எப்போது விருப்பமோ அப்போது சொல். வேலை எங்கும் போகாது."

நான் அழுதுவிட்டேன். அவர் பார்க்காததுபோல உள்ளே போய்விட்டார்.

அடுத்த வாரத்திலிருந்து பாரமான தட்டுகள் என்னிடம் வரவில்லை. வாசலில் ஒரு கதிரை போட்டு, வருபவர்களை வரவேற்கும் வேலையைத் தந்தார். மகள் பிறந்தபின் அதே கடைக்குத்தான் திரும்பிப் போனேன்.

என்னவென்று கேட்டு உதவியவர்கள் என் வாழ்க்கையில் பலர் இருக்கிறார்கள்; ஆனால், எல்லாம் விளங்கியும் என் வாயால் சொல்லவைக்காமல் விட்ட அந்த இருவரைப் போன்றவர்கள் எவ்வளவு குறைவு என்பது வயது ஏற ஏறத்தான் எனக்கு விளங்குகிறது.