மூலம் என்றே நினைத்திருந்தோம்

கல்யாணமாகிச் சென்னைக்கு வந்த புதிதில் என் கணவரைப் பற்றி நான் முதலில் கவனித்தது, அவர் கக்கூசுக்குப் போனால் திரும்பி வர வெகுநேரமாகும் என்பதுதான். எழுபதுகளின் தொடக்கம் அது. மயிலாப்பூரில் ஒரு சந்துக்குள், ரயில் பெட்டி மாதிரி நீண்டு போகும் வீட்டில் எட்டுக் குடித்தனங்கள் இருந்தோம். கொல்லையில் எல்லோருக்குமாக இரண்டே கக்கூஸ். காலையில் வாளியோடு நிற்பவர்கள் கதவைத் தட்டுவார்கள். உள்ளேயிருந்து அவர் குரலே வராது. வெளியே வரும்போது முகம் வெளுத்து, நெற்றியெல்லாம் வேர்த்திருக்கும். யாரையும் பார்க்காமல் நடந்து வந்து, எங்கள் அறையில் குப்புறப் படுத்துக்கொள்வார்.

"என்ன செய்யுது?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, சூடு" என்பார்.

தி. நகரில் ஒரு ஜவுளிக் கடையில் சேலைப் பிரிவில் வேலை பார்த்தார். கடைக்காரர் எங்கள் திருநெல்வேலிப் பக்கம். வெள்ளை விரிப்பு போட்ட மேடையில் நின்று, குனிந்து, கட்டுகளைத் தூக்கி, காலை முதல் இரவு வரை சேலை விரித்துக் காட்ட வேண்டும். அவருக்கு அந்த வெள்ளை விரிப்பைப் பார்த்தாலே பயம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஒருநாள் கொடியில் என் பாவாடைக்கு அடியில் ஒரு பழந்துணி காய்ந்துகொண்டிருந்தது. அவருடைய பழைய வேட்டியைக் கிழித்து மடித்தது. அலசியும் போகாத கறை. பெண்கள் மாதத் துணியை மறைத்துக் காயப்போடுவதுபோல அவர் போட்டிருந்தார். நான் எதுவும் கேட்கவில்லை. அந்த மறைப்பு எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். அன்றிலிருந்து என் பழைய பருத்திச் சேலை ஒன்றைக் கிழித்து, மெத்தென்று மடித்து, அவருடைய சட்டைகளுக்கு நடுவில் வைத்தேன். அவரும் எதுவும் சொல்லாமல் எடுத்துக்கொண்டார். இப்படிப் பேசாமலே சில மாதங்கள் போயின.

பேச வைத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கொல்லையிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டே வந்தார். கதவைச் சாத்தச் சொன்னார். பாயில் பக்கவாட்டில் படுத்து, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னார்.

"கீழ வெளிய வந்துட்டு. எப்பவும் கையால தள்ளினா உள்ள போயிரும். இன்னைக்குப் போக மாட்டேங்கு."

"என்னது வந்துட்டு?"

"மூலம். சின்ன வயசுலேருந்தே இருக்கு. நீ பாக்காத. அருவருப்பா இருக்கும்."

நான் பார்த்தேன். செக்கச்செவேலென்று, ஈரமாக, ஒரு கைப்பிடி அளவுக்குச் சதை வெளியே நின்றது. பயந்துபோனேன். ஆனால் அருவருப்பு வரவில்லை. மனிதருக்குள்ளே இருக்க வேண்டியது இப்படிக் காற்றில் கிடக்கிறதே என்ற இரக்கம்தான் வந்தது. பானைத் தண்ணீரில் துணியை நனைத்து அதன்மேல் வைத்தேன். காலுக்கடியில் தலையணைகளை அடுக்கினேன். கொஞ்சநேரம் போனதும், அவர் சொல்லச் சொல்ல, உள்ளங்கையால் மெதுவாக, விடாமல் அழுத்தினேன். ஒரு கட்டத்தில் அது தானாகவே வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டது. அவர் பெருமூச்சு விட்டார். பிறகு அழுதார். அழுகிற ஆண்பிள்ளையை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கடைவீதியில் மூலத்துக்கென்று போர்டு மாட்டிய ஒருவரிடம் வருஷக்கணக்காக லேகியம் வாங்கிச் சாப்பிட்டு வந்திருக்கிறார். யாரும் அவரை உட்கார வைத்துப் பார்த்ததே இல்லை.

மறுநாள் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அறுவை சிகிச்சை டாக்டர் நரைத்த கிராப்பும் தாழ்ந்த குரலுமாக இருந்தார். திரைக்குப் பின்னால் இவரைக் குந்த வைத்து, முக்கச் சொல்லிப் பார்த்தார். கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"இது மூலம் இல்லப்பா. மூலம்னா தனித்தனிக் கட்டியா, பிரிஞ்சு பிரிஞ்சு தெரியும். உனக்கு வளையம் வளையமா இருக்கு. மலக்குடலே முழுசா கீழ இறங்கி வெளியில வருது. சட்டைக் கையோட உள்பக்கத்தைப் பிடிச்சு வெளிய இழுத்தா எப்படிப் புரண்டு வரும், அந்த மாதிரி."

"எதனால சார்?" என்றார் இவர்.

"சின்ன வயசுலேருந்தே மலச்சிக்கல், முக்கல். குடலைப் பிடிச்சிருக்கிற கட்டு தளர்ந்துபோச்சு. லேகியத்துல இது ஏறாது."

பிறகு டாக்டர் என்னைப் பார்த்து, "நீ கொஞ்சம் வெளிய இரும்மா" என்றார்.

நான் எழுந்தேன். "அவளும் இருக்கட்டும் சார். அவளுக்குத் தெரியாதது ஒண்ணுமில்ல" என்றார் என் கணவர். அவர் அப்படிச் சொன்னது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

டாக்டர் விளக்கிச் சொன்னார். ஆசனவாயைச் சுற்றி உள்ளே மெல்லிய கம்பி கட்டி இறுக்கலாம். வயிற்றைத் திறந்தால் தாங்காத கிழடுகளுக்கு அது. வயசுப் பையனுக்கு நிலைக்காது. கீழேயிருந்தே தளர்ந்த பகுதியை வெட்டித் தைக்கலாம். திரும்ப இறங்க வாய்ப்பு உண்டு. வயிற்றைத் திறந்து, குடலை மேலே தூக்கி, முதுகெலும்பின் அடிப்பக்கத்தோடு சேர்த்துத் தைப்பதுதான் நிலைக்கும்.

"ஆனா ஒண்ணு. அந்த இடத்துல தாம்பத்தியத்துக்கு வேண்டிய நரம்புகள் ஓடுது. ஜாக்கிரதையாத்தான் செய்வோம். அபூர்வமா அடிபட்டுடும். உங்களுக்குக் குழந்தை இல்லைங்கிறீங்க. யோசிச்சுட்டு வாங்க."

வீட்டுக்குப் போக மனமில்லாமல் பனகல் பார்க்கில் போய் உட்கார்ந்தோம். அவர் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் உட்காருவார். வேர்க்கடலை வாங்கினோம், இரண்டு பேருமே உரிக்கவில்லை.

"ஒரு பிள்ளை பொறந்த பெறவு பாத்துக்கிடுவோமா?" என்றார்.

எனக்கு ஆசை இல்லாமல் இல்லை. ஊரிலிருந்து அம்மா வரும்போதெல்லாம் முதலில் என் வயிற்றைத்தான் பார்ப்பாள். ஆனால் முந்தின நாள் பாயில் கிடந்தவரின் முதுகு குலுங்கியது கண்முன் நின்றது.

"அது எப்பப் பொறக்குமோ, யாருக்குத் தெரியும்? அதுவரைக்கும் தெனமும் இந்தப் பாடா?"

"டாக்டர் சொன்ன மாதிரி ஆயிட்டுன்னா? நீ சின்னப் பிள்ளை."

"ஆனா ஆவுது. நீங்க நிமிர்ந்து உக்காந்து என்கூட ஒரு வாய் சாப்பிடணும். அது போதும் எனக்கு."

அது போதுமா என்று அப்போது எனக்கு நிச்சயமாகத் தெரியாது. சொல்லிவிட்டேன். அவர் ஒரு கடலையை உரித்து என் கையில் வைத்தார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதற்குப் பிறகு வார்டில் எல்லோரும் காத்துக்கொண்டிருந்தது ஒரே ஒரு விஷயத்துக்கு. காற்றுப் பிரிந்தால்தான் குடல் வேலை செய்கிறது என்று அர்த்தம். பிரியும்வரை வாய்க்குத் தண்ணீர்கூடக் கிடையாது. டாக்டர் வந்து, "காத்து பிரிஞ்சுதா?" என்று கேட்பார். இவர் தலைகுனிந்து, "இல்ல சார்" என்பார். ஒரு மத்தியானம் நான் உள்ளே நுழையும்போதே பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்து, "தங்கச்சி, பிரிஞ்சிடுச்சு!" என்று கத்தினார். வார்டே சிரித்தது. என் கணவர் பரீட்சையில் பாசான பையன் மாதிரி படுத்திருந்தார். சிரித்தால் தையல் வலிக்குமென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார்: கீரை, பழம், நிறையத் தண்ணீர், ராத்திரி மலம் இளக இசப்கோல், கக்கூசில் முக்கிக்கொண்டு உட்காரக் கூடாது, வராவிட்டால் எழுந்துவிட வேண்டும், மூன்று மாதம் எந்தப் பாரமும் தூக்கக் கூடாது. மலச்சிக்கல் அவரை முழுசாக விட்டுவிடவில்லை. ஆனால் குடல் மறுபடி இறங்கவே இல்லை. நரம்புக்கும் ஒன்றும் ஆகவில்லை. பின்னால் எங்களுக்கு ஒரு பெண் பிறந்தாள்.

அந்த மூன்று மாதத்தில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். தண்ணீர்ப் பஞ்ச காலம். தெருமுனை அடிபம்பிலிருந்து நான்தான் குடம் சுமப்பேன். நான் போகும்போதெல்லாம் அவரும் கூடவே நடந்து வருவார். எதுவும் தூக்க முடியாது, சும்மா வருவார். ஒருநாள் பம்படியில் வரிசையில் நின்ற இட்லிக்கார அம்மா எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டாள்.

"இன்னா நைனா, பொஞ்சாதி கொடம் தூக்கினு போவுது, நீ கைய வீசிகினு வர்றே?"

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. 'வயிற்றுவலி' என்று ஏதாவது சொல்லி மழுப்புவார் என்று நினைத்தேன். அவர் நின்று, சாதாரணமாகச் சொன்னார்.

"எனக்கு மலக்குடல் வெளிய வந்துக்கிட்டு இருந்துச்சும்மா. வயித்தத் தெறந்து உள்ள தூக்கி வச்சுத் தச்சிருக்காங்க. பாரம் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

இட்லிக்கார அம்மா தன் குடத்தைக் கீழே வைத்தாள்.

"அடப் பாவமே! இப்போ நல்லா கீதா?"

"நல்லா இருக்கேன்."

அந்த அம்மா திரும்பி, முன்னால் நின்ற பெண்களைப் பார்த்து அதட்டினாள். "ஏ, தள்ளு, தள்ளு! அந்தப் பொண்ணு கொடத்த மொதல்ல வெய்யி."

நான் குடத்தை வைத்தேன். அவளே பம்பு அடித்துக் கொடுத்தாள்.