அப்பாவுக்கு நித்திரை வாங்கிய கதை

நித்திரையைக் கடையில் வாங்கலாம் என்று நான் முழு மனதோடு நம்பிய காலம் ஒன்று இருந்தது. அப்போது எனக்கு ஒன்பது வயது. ஜெர்மனியின் பீலெஃபெல்ட் நகரத்தில், ட்ராம் பாதையோரத்து மாடிக் குடியிருப்பு ஒன்றில் அப்பா, அம்மா, நான், தம்பி என்று நான்கு பேர் இருந்தோம். அப்பாவுக்கு, கேக் செய்து உறையவைத்து விற்கும் தொழிற்சாலையில் இரவு வேலை. நாங்கள் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடும் நேரம் அவர் வெண்ணெய் வாசத்தோடு வீட்டுக்குள் வருவார். முகம் கழுவுவார், சாப்பிடுவார், படுப்பார். படுப்பார் என்றுதான் சொல்லலாம். நித்திரை வராது.

அவருக்காக வீட்டில் பகலை ஒழித்து வைத்திருந்தோம். யன்னல் திரைகள் எந்நேரமும் இறங்கியே கிடந்தன. கதவு மணியின் கம்பியை அப்பாவே கழற்றிவிட்டார். தம்பியின் விளையாட்டுக் காருக்குச் சில்லுக்குச் சில்லு பழைய காலுறை சுற்றியிருந்தது. குக்கர் கூவுவதற்கு முன்பே அம்மா ஓடிப்போய் இறக்கிவிடுவார், அதனால் அந்த வருடம் நாங்கள் தின்ற பருப்பெல்லாம் அரை அவியல்தான். இத்தனைக்குப் பிறகும் அறைக்குள்ளிருந்து அப்பா புரண்டு படுக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

அம்மாவின் நாள் வேறு மாதிரி. விடியமுன்பே எழும்பி நகரத்து அலுவலகங்களைத் துடைக்கப் போவார். நாங்கள் கண் விழிக்கும்போது திரும்பி வந்து தேத்தண்ணீர் போட்டுக்கொண்டிருப்பார். பகல் முழுக்க சமையல், உடுப்புத் தோய்ப்பு, அப்பாவின் நித்திரைக்குக் காவல். பின்னேரம் அப்பா எழும்பியதும் ஒரு பல் வைத்தியரின் இடத்தைத் துப்புரவாக்கப் போவார். அவர் படுத்திருந்து நான் கண்டதில்லை. மீன்கள் கண்ணை மூடுவதே இல்லை என்று வகுப்பில் படித்தபோது, அம்மாவும் அந்த வகைதான் என்று எண்ணி, அதோடு அந்த விஷயத்தை விட்டுவிட்டேன்.

என் ஆராய்ச்சி எல்லாம் அப்பாவைப் பற்றியது. காரணமும் இருந்தது. அவருடைய வேலை ஒப்பந்தத்தை ஒவ்வொரு மார்கழியிலும் புதுப்பிக்க வேண்டும். எங்கள் விசா அந்த ஒப்பந்தத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. நித்திரை இல்லாத மனிதன் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று தூங்கி விழுந்தால் வேலை போகும், வேலை போனால் நாட்டை விட்டே போகவேண்டி வரலாம். இதைப் பெரியவர்கள் எங்களுக்குக் கேட்காமல் கதைப்பதாக நினைத்துக்கொண்டு அடிக்கடி கதைத்தார்கள்.

குடும்ப வைத்தியரிடம் அம்மா அப்பாவைக் கூட்டிப்போனார். மொழிபெயர்க்க நான் போனேன். உடம்பில் சூடு கூடிவிட்டது என்று அம்மா சொல்லச் சொன்னதை அப்படியே சொன்னேன். வைத்தியர் வெப்பமானியை வைத்துப் பார்த்து, சூடு இல்லை, சரியாகத்தான் இருக்கிறது என்றார். கோப்பியைக் குறைக்கச் சொன்னார். அம்மாவுக்கு அந்த வைத்தியரில் இருந்த மதிப்பு அன்றோடு போயிற்று.

பிறகு ஆளாளுக்கு வைத்தியம். கசகசாவை அரைத்துப் பாலில் காய்ச்சிக் கொடுத்தார் அம்மா. சாதிக்காயை உரைத்துத் தேனில் குழைத்தார். மேல்மாடி ஜெர்மன் கிழவி பால்ட்ரியான் என்ற வேரின் சாற்றைக் கொடுத்தார். அதன் நாற்றத்துக்கு அப்பாவின் வேலைச் சப்பாத்து எவ்வளவோ மேல். அப்பாவுக்கு நித்திரை வரவில்லை, கிழவியின் பூனை வந்தது. அந்த வேரின் வாசத்தில் பூனைகளுக்குப் பைத்தியமாம். எங்கள் கதவடியில் கிடந்து அது கத்திய கத்தலில் அப்பாவுக்கு வருகிற அரை நித்திரையும் போயிற்று. காணாமற்போன பொருளைக் கண்டெடுத்துத் தருபவர் என்பதால், அந்தோனியாருக்கும் ஒரு மெழுகுதிரி எரிந்தது.

எண்ணெய் முழுக்கை நினைவுபடுத்தியது பாரிஸிலிருந்த மாமி, அப்பாவின் அக்கா. நல்லெண்ணெயில் மிளகும் சீரகமும் போட்டுக் காய்ச்சி உச்சந்தலையில் வைத்து முழுகினால் அடித்துப்போட்டது போல நித்திரை வரும் என்றார். ஆம்பிளைகளுக்குப் புதனும் சனியும். அடுத்த புதன்கிழமை இலையுதிர்கால விடுமுறைக்குள் வந்தது. காலையில் அப்பா வேலையால் வந்ததும் அவரைக் குளியலறைக்குள் இருத்தி அம்மா எண்ணெய் தேய்த்தார். சீயாக்காய் போட்டு முழுகி, ரசத்தோடு சோறு தின்று, அப்பா சோபாவில் சாய்ந்தார். சாய்ந்ததும் கண் சொருகியது. நானும் தம்பியும் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தோம்.

அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது. மாமி. முழுகியாயிற்றா என்று விசாரிக்க எடுத்திருந்தார்.

"ஓம் மச்சாள், இப்பதான் கண்ணயருறார்" என்றார் அம்மா, குரலைத் தாழ்த்தி.

"என்ன கதை கதைக்கிறீர்? முழுகின நாளிலை பகல் நித்திரை கொள்ளக் கூடாதெண்டு உமக்குத் தெரியாதே? காய்ச்சல் வரும். எழுப்பும் அவனை."

அம்மாவுக்கு முகம் வெளிறிவிட்டது. அவருக்கும் அது சின்ன வயதிலிருந்தே தெரிந்த சட்டம்தான். அவசரத்தில் மறந்துபோயிருந்தார். "அவருக்குப் பகல்தானே மச்சாள் இரவு" என்று ஒரு நியாயம் சொல்லிப் பார்த்தார்.

"சூரியனுக்கு ஷிப்ட் தெரியாது" என்றார் மாமி.

நித்திரைக்காக முழுகிய மனிதனை நித்திரை கொள்ளவிடாமல் அன்று முழுக்கக் காவல் காத்தோம். அவர் கண் சொருகும்போதெல்லாம் தம்பி காதைப் பிடித்து இழுப்பான். சீட்டுக்கட்டை எடுத்துக் 'கழுதை' விளையாடினோம். ஒவ்வொரு ஆட்டத்திலும் அப்பாவே கழுதையானார். அப்பாவோடு ஒரு பகல் முழுக்க விளையாடக் கிடைத்தது எனக்கு நினைவு தெரிய அதுதான் முதல் தடவை. மாமி வாழ்க என்றுகூட நினைத்தேன்.

அன்றிரவு வேலையில், நின்ற நிலையிலேயே அப்பா தூங்கிப்போனார். தட்டு வண்டி ஒன்று கவிழ்ந்து, செர்ரி கேக்குகள் தரையெல்லாம் பரவிக் கிடந்தனவாம். மைஸ்டர் என்று அவர்கள் சொல்லும் மேற்பார்வையாளர் நல்ல மனிதர். முதல் தடவை என்பதால் தான் இதைக் காணவில்லை என்றும், அடுத்த தடவை கண்டுவிடுவேன் என்றும் சொன்னாராம். மார்கழிக்கு அதிக நாள் இல்லை. அம்மா அன்றைக்குச் சமைக்காமல் குசினிக் கதிரையில் இருந்தது எனக்கு நினைவிருக்கிறது.

அந்தச் சனிக்கிழமைதான் சீன அன்ரியின் கடைக்குப் போனோம். ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த அந்தக் கடையில்தான் எங்கள் ஆட்கள் எல்லோரும் அரிசியும் முருங்கைக்காயும் வாங்குவார்கள். நாங்கள் சீன அன்ரி என்று கூப்பிட்ட கடைக்காரிக்கு அம்மாவின் வயதிருக்கும். அவருடைய ஜெர்மனும் அம்மாவின் ஜெர்மனும் ஒரே அளவுதான். பெரிய விஷயம் என்றால் நான் நடுவில் நிற்பேன். அப்பா ஏன் வாடியிருக்கிறார் என்று அவர் கேட்க, அம்மா கதை முழுவதையும் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். சூடு என்ற இடத்துக்கு வந்ததும், வைத்தியரை நினைத்துக் கொஞ்சம் தயங்கித்தான் சொன்னேன். சீன அன்ரி சிரிக்கவில்லை. சூடுதான், இதயத்தில் சூடு ஏறியிருக்கிறது என்றார்.

அம்மாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். இந்த நாட்டுக்கு வந்தபிறகு முதன்முதலாக ஒருவர் அவர் சொன்னதை ஒத்துக்கொள்கிறார். அதற்குப் பிறகு நான் தேவைப்படவில்லை. சூடு, குளிர் என்ற இரண்டு ஜெர்மன் சொற்களை வைத்துக்கொண்டு இருவரும் கடையைச் சுற்றி வந்தார்கள். சீன அன்ரி இஞ்சியைத் தொட்டார், சூடு. அம்மா தலையாட்டினார். அம்மா பயற்றைத் தொட்டார், குளிர். அவர் தலையாட்டினார். ஆட்டிறைச்சி சூடு, வெள்ளரிக்காய் குளிர். கடல் கடந்து வந்த இரண்டு சொந்தக்காரர் ஒருவரையொருவர் கண்டுபிடித்தது போல இருந்தது.

உறைபெட்டிக்குள் கிடந்த நண்டில் வந்தது வினை. அம்மா சூடு என்றார். சீன அன்ரி குளிர் என்றார்.

"பெட்டியுக்கை கிடக்கிறதாலை இவவுக்குக் குளிராத் தெரியுது போலை" என்றார் அம்மா என்னிடம். "தடிமன் பிடிச்சா நண்டு ரசம் குடிக்காத சனம் ஆர்? கேள்."

கேட்டேன். தண்ணீருக்குள்ளேயே வாழ்கிற பிராணி எப்படிச் சூடாகும் என்று சீன அன்ரி திருப்பிக் கேட்டார். இரண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். கடைசியில், குணமாகும் வரை அப்பா நண்டே சாப்பிடுவதில்லை என்று அப்பாவைக் கேட்காமலே முடிவாயிற்று.

பிறகு சீன அன்ரி அரிசி மூட்டைகளுக்கு நடுவில் அப்பாவை நிறுத்தி நாக்கை நீட்டச் சொன்னார். நுனி சிவந்திருக்கிறது என்று எங்கள் எல்லோருக்கும் காட்டினார். தாமரை விதை, சீனச் சிவப்புப் பேரீச்சை, உலர்ந்த அல்லிக்கிழங்கு, லோங்கன் என்ற ஒரு பழத்தின் வற்றல் எல்லாவற்றையும் நிறுத்துப் பைக்குள் போட்டார். அந்தச் சிவப்புப் பேரீச்சையை மணந்து பார்த்த அம்மா, "இது எங்கடை இலந்தையெல்லோ" என்றார். அரிசியோடு கஞ்சியாகக் காய்ச்சி, வேலையால் வந்ததும் இளஞ்சூட்டில் குடிக்க வேண்டும். காலையில் உறைப்பு ஆகாது. படுக்கமுன் கால்களை வெந்நீரில் வைக்க வேண்டும்.

எல்லாம் சொல்லி முடித்து, சீன அன்ரி அம்மாவைப் பார்த்தார். உன் அம்மாவையும் நாக்கைக் காட்டச் சொல் என்றார்.

அம்மா வெட்கப்பட்டு வாயைக் கையால் மூடிக்கொண்டார். "எனக்கொண்டுமில்லை எண்டு சொல்லு. படுத்தா நித்திரை வரும். படுக்கத்தான் நேரமில்லை."

அம்மாவுக்கு ஒரு நோயும் இல்லை, நேரம் மட்டும்தான் இல்லை என்று நான் அச்சொட்டாக மொழிபெயர்த்தேன். சீன அன்ரி இன்னொரு பையை எடுத்து நிரப்பி, இது அம்மாவுக்கு என்று என்னிடம் தந்தார். அதையும் சொன்னேன். "பாவம், நல்ல மனுசி" என்றார் அம்மா. வீட்டுக்கு வந்து இரண்டு பையையும் ஒரே போத்தலுக்குள் கொட்டினார். மருந்து கூடினால் குணமும் கூடும்தானே.

கூடத்தான் கூடியது. முதல் வாரம் ஒன்றும் இல்லை. இரண்டாம் வாரம் ஒரு நாள் பள்ளிக்கூடத்தால் வந்தபோது வீட்டுக்குள் ஏதோ உறுமுகிற சத்தம் கேட்டது. அப்பாவின் குறட்டை. அம்மா கதவடியில் நின்று, ஆலயத்தில் பாட்டுக் கேட்பது போலக் கேட்டுக்கொண்டிருந்தார். கஞ்சியா, வெந்நீரா, உறைப்பை விட்டதா, கிழவியின் பூனை சலித்துப் போனதா, எது வேலை செய்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மார்கழியில் அப்பாவின் ஒப்பந்தம் இன்னொரு வருடத்துக்கு நீண்டது.

அந்த வாரமே பயற்றம் பணியாரம் சுட்டுக்கொண்டு அம்மாவும் நானும் தம்பியும் நன்றி சொல்லப் போனோம். பயறு குளிர், எண்ணெய் சூடு, அதனால் சீன அன்ரி குறை சொல்ல இடமில்லை என்பது அம்மாவின் கணக்கு. அப்பாவைப் பற்றிக் கேட்டுச் சந்தோசப்பட்ட சீன அன்ரி, மற்றப் பை எப்படி, அம்மாவுக்கு உதவியதா என்றார். இரண்டையும் அப்பாவே குடித்தார், அதனால்தான் இவ்வளவு கெதியாகச் சுகம் வந்தது என்று நான் பெருமையாகச் சொன்னேன்.

அவர் உள்ளே போய் ஒரு முக்காலியைக் கொண்டுவந்து, வெப்பமூட்டிக்குப் பக்கத்தில் அரிசி மூட்டைகளோடு சேர்த்துப் போட்டு, அம்மாவை இருக்கச் சொன்னார். "ஏலாது, சமையல் கிடக்கு" என்று சொல்லிக்கொண்டே அம்மா மரியாதைக்கு இருந்தார். நான் தம்பிக்கு நூடில்ஸ் பைக்கற்றுகளில் இருந்த படங்களைக் காட்டித் திரும்புவதற்குள், தலை மூட்டையில் சாய்ந்து, அம்மா நித்திரையாகிவிட்டார்.

சீன அன்ரி விரலை உதட்டில் வைத்தார். வானொலியை நிறுத்தினார். கடைக் கதவின் பலகையை மூடியாயிற்று என்று திருப்பி மாட்டினார். அம்மாவின் வாய் கொஞ்சம் திறந்திருந்தது. சீன அன்ரி குனிந்து, ஒருவழியாக அந்த நாக்கைப் பார்த்தார். என்ன நிறம் என்று நான் இரகசியமாகக் கேட்டேன். அவர் தன் மேற்சட்டையைக் கழற்றி அம்மாவின் மேல் போர்த்திவிட்டார்.

எனக்கு அதிசயமாக இருந்தது. கசகசா இல்லை, கஞ்சி இல்லை, காலுக்கு வெந்நீர் இல்லை. இவ்வளவு கெதியாக ஒருவரும் நித்திரை கொண்டு நான் பார்த்ததில்லை. வெளியே இருட்டத் தொடங்கும்வரை அம்மா எழும்பவில்லை.

அடுத்த நாள் காலை, பூசைக்குப் போகமுன், அப்பா குசினியில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். அம்மா நின்றபடி எங்கள் சட்டைகளை மின்னழுத்தியால் அழுத்திக்கொண்டிருந்தார். நான் நடந்ததை எல்லாம் அப்பாவுக்குச் சொன்னேன். அந்த முக்காலியில் ஏதோ மருந்து இருக்கிறது, அதை விலைக்குக் கேட்போம் என்றும் சொன்னேன். அம்மா, பிள்ளை அலம்புகிறாள் என்று சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை.

"எவ்வளவு நேரம் படுத்தவ கொம்மா?" என்று கேட்டார்.

"வெளியிலை இருட்டுமட்டும்" என்றேன்.

அப்பா கரண்டியைக் கீழே வைத்தார். எழும்பிப் போய் அழுத்தியின் வயரைக் கழற்றினார். தன்னுடைய கதிரையில் அம்மாவைத் தோளைப் பிடித்து இருத்தி, மிச்சக் கஞ்சியை அவர் முன்னால் தள்ளி வைத்தார். அம்மா மறுக்க, அவர் மறுபடியும் தள்ளினார். ஒப்பந்தம் கிடைத்த கையோடு மருந்தைக் கைவிடுகிற அப்பாவின் அவசரம் எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. இது அப்பாவின் மருந்து, அம்மாவுக்குத்தான் ஒரு வருத்தமும் இல்லையே என்று சொல்லி, கோப்பையை எடுத்துத் திரும்பவும் அப்பாவின் கையில் கொடுத்தேன்.